வேலியில் அளக்கப்படும் ஒலியும் இரவிலேயே அள்ள வேண்டிய குப்பையும்

கேள்வி: எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் விரிகுடா) ஓரமாக உள்ளது. கடற்கரையை ஒட்டிய பொதுப் பூங்காவில், எங்கள் நற்பணி மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் மே மாதம் இரண்டு நாள் விளையாட்டு விழாவும் மாலையில் கலை நிகழ்ச்சியும் நடத்துகிறோம். சென்ற ஆண்டு இரவு பத்தரை மணிக்குக் காவலர்கள் வந்து ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். திருவிழா என்றால் 12 மணிவரை அனுமதி உண்டு என்று ஒலி, ஒளி அமைத்தவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை 9 மணிக்குள் பூங்காவைச் சுத்தம் செய்துவிட்டோம். ஆனாலும் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று கூறி, உள்ளாட்சி அலுவலகத்தில் எங்கள் டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை. பூங்காவுக்கு எதிரே குடியிருக்கும் பெரியவர் ஒருவர், இந்த ஆண்டும் நடத்தினால் ஆட்சியரிடம் போவேன் என்கிறார். விதி என்னதான் சொல்கிறது? 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லாமல் மேளம் மட்டும் அடிக்கலாமா? தொடக்க விழாவில் பலூன் பறக்கவிட நினைக்கிறோம். அதற்கும் தடை உண்டா?

— மன்றச் செயலாளர் ஒருவர்

பதில்: அன்புள்ள செயலாளருக்கு வணக்கம். உள்ளாட்சியில் துப்புரவு ஆய்வாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, இப்படிப்பட்ட விழாக்களுக்கு அனுமதிக் கோப்பு எழுதியவன் என்ற முறையில், உங்கள் பக்கம் சரியாக இருப்பதையும் பிசகாக இருப்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒலி பற்றிய கேள்விகளுக்கு விதியிலேயே நேரான விடை இருக்கிறது. டெபாசிட் விஷயத்தில் மட்டும் விதியோடு உங்கள் ஊர்க் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதற்கும் பொருந்துகிற ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. அவற்றின்படி காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை பகல், மிச்சமுள்ள எட்டு மணி நேரம் இரவு. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பகலில்கூட ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகோ, கூட்ட அரங்கு, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள் தவிர வேறெங்கும் வைக்கக் கூடாது. நான்கு பக்கமும் துணி கட்டிய பந்தலையும் மூடிய இடமாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று என்னிடம் அரை மணி நேரம் வாதாடிய ஓர் அமைப்பாளரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்கு ஒலி, ஒளி அமைத்தவர் சொன்னது பாதி உண்மை. கலாச்சார, சமய விழாக்களுக்காக இரவு 10 முதல் 12 மணிவரை விதியைத் தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் அப்படித் தளர்த்தக் கூடாது. அந்தத் தளர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் கூறியது. அவை அரசு தேர்ந்து அறிவிக்கும் நாட்கள். உங்கள் மன்றமோ, காவல் நிலையமோ, உள்ளாட்சி அலுவலகமோ தாமாக எடுத்துக்கொள்ளும் சலுகை இல்லை. ஆகவே பத்தரை மணிக்கு வந்த காவலர்கள் அரை மணி நேரம் பொறுத்துத்தான் வந்திருக்கிறார்கள்.

மேளம் பற்றிய கேள்வி கெட்டிக்காரத்தனமானது. ஆனால் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. ஒலிபெருக்கி என்று மட்டும் இருந்த இடத்தில், ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி, ஒலி மிகைப்பி (ஆம்ப்ளிஃபயர்) எல்லாவற்றையும் அது சேர்த்தது. எனவே திறந்த வெளியில் இரவு 10 மணிக்குப் பிறகு தவிலோ பறையோ அடித்தாலும் அதே மீறல்தான். பட்டாசுக்கும் குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் இடமில்லை.

நேரக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் நான் பார்த்த சச்சரவுகளில் பெரும்பாலானவை 10 மணிக்கு முன்னரே, மாலை ஏழு, எட்டு மணிக்கே மூண்டவை; அவற்றின் காரணம் அளவு. பெரும்பாலான அமைப்பாளர்கள் கையில் அனுமதிச் சீட்டு இருந்தால் 10 மணிவரை எவ்வளவு வேண்டுமானாலும் ஒலி வைக்கலாம் என்று நம்புகிறார்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்றும், வணிகப் பகுதிக்கு முறையே 65, 55 என்றும் விதி வரையறுக்கிறது. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ, 75 டெசிபலாகவோ, எது குறைவோ அதுவரைதான் இருக்கலாம். உங்கள் பூங்காவைச் சுற்றி வீடுகள் என்பதால், பகலிலும் பூங்கா வேலி ஓரத்தில் 65 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. மேடைக்கு முன்னால் எவ்வளவு என்பதை விதி கேட்கவில்லை, வேலியில் எவ்வளவு என்றுதான் கேட்கிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் இறங்கும். பத்து மடங்கு தூரத்தில் 20 டெசிபல் இறங்கும். பெட்டிக்கு ஒரு மீட்டர் முன்னால் 105 டெசிபல் வைத்தால், பத்து மீட்டரில் 85, நூறு மீட்டரில்தான் 65. உங்கள் பூங்காவில் மேடையிலிருந்து தெருவோர வேலி நூறு மீட்டர் இருக்குமா? நம் கடலோர ஊர்ப் பூங்காக்களில் அவ்வளவு இடம் பார்த்த நினைவு எனக்கு இல்லை. எனவே மேடையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிப் பின்வரிசைவரை விரட்டுவதை விட்டுவிட்டு, பார்வையாளர் வரிசைகளின் ஓரமாகச் சிறு பெட்டிகளைத் தாழ்வாகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியும் அருகில் இருப்பவருக்கு மட்டும் பேசினால் போதும். கூம்பு வடிவ ஒலிபெருக்கியை நினைத்தே பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் காவல்துறை தரும் அனுமதிச் சீட்டிலேயே பெரும்பாலும் அதற்குத் தடை எழுதப்பட்டிருக்கும்.

மேடையைத் தெற்கே தெருப் பக்கம் போட்டு, பெட்டிகளின் முகத்தை வடக்கே கடல் பக்கம் திருப்புங்கள். கூர்மையான ஒலிகள் பெருமளவு கடலை நோக்கிப் போய்விடும். அடித்தள ஒலி, அதாவது நெஞ்சுக்குள் இடிப்பதுபோல் வரும் சப்-ஊஃபர் ஒலி, பெட்டியின் முகத்தைப் பார்த்துப் போவதில்லை; முன்னும் பின்னும் ஒரே மாதிரி பரவி, சுவரைக் கடந்து வீட்டுக்குள் ஜன்னல் கம்பியை அதிர வைக்கும். விதியில் கூறப்படும் டெசிபல் கணக்கு மனிதக் காதின் இயல்பை ஒட்டி அடித்தள ஒலியைக் குறைத்து மதிப்பிடுகிற கணக்கு என்பதால், மீட்டரில் 65 காட்டும்போதே எதிர்வீட்டுக் கட்டில் அதிரக்கூடும். அந்தப் பெரியவர் "அதிருது" என்று சொல்லி, நீங்கள் "மீட்டர் சரியாத்தானே இருக்கு" என்று பதில் சொன்னால், இருவருமே உண்மைதான் சொல்கிறீர்கள். என் அபிப்பிராயம், இந்த ஆண்டு சப்-ஊஃபரை வாடகைக்கே எடுக்காதீர்கள்.

இன்னொன்று, இரவு ஏற ஏற அதே ஒலி கூடுதலாகக் கேட்பது பிரமை இல்லை. மே மாதம் பகலெல்லாம் அடிக்கும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று சில இரவுகளில் அடங்கி, தரை குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது, மேலே தப்பிப் போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடியும் தரைக்கே வரும். தெருவின் மற்றச் சத்தங்களும் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஆகவே மாலை 6 மணிக்குச் சரிபார்த்து வைத்த அளவை 9 மணிக்கு மறுபடி குறைக்க வேண்டும். மன்றத்து இளைஞர் ஒருவரைக் கைப்பேசியோடு அந்தப் பெரியவர் வீட்டு வாசல் பக்கமாக வேலியில் நிறுத்தி, மணிக்கு ஒருமுறை அளவு பார்த்து மேடைக்குச் சொல்ல வையுங்கள். கைப்பேசிச் செயலியின் அளவு சாட்சியமாகாது. உங்களுக்கு எச்சரிக்கையாக இருக்க அது போதும்.

மீன்பிடித் தடைக்காலம்தானே, எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், விடிய விடிய ஆட்டம் இருந்தால் என்ன என்ற பேச்சும் நம் பக்கத்தில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான்; நாட்டுப்படகில் போகிறவர் பின்னிரவில் எழுந்து கடலுக்குப் போக வேண்டும், அவருக்கு ஒன்பது மணியே நடு ராத்திரி. உங்கள் பூங்காவைச் சுற்றி அத்தகைய வீடுகள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைசி நிகழ்ச்சிக்கு நேரம் குறியுங்கள். நானாக இருந்தால் ஒன்பதரைக்கு முடிப்பேன். கடைசிப் பாட்டுக்கும் நன்றியுரைக்கும் எப்படியும் இருபது நிமிடம் கூடிவிடும்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் கணக்கு இன்னும் இறுகும். இதில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இடத்தைப் போய்ப் பார்க்காமல், வரைபடத்தை மட்டும் வைத்து ஒரு விழாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று குறிப்பு எழுதினேன். மேடை தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஜெனரேட்டரை ஒரு சுகாதார நிலையத்தின் பிரசவ அறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு அங்கிருந்த செவிலியர் நேரில் வந்து என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒலித்தடுப்புக் கூண்டுள்ள ஜெனரேட்டரைக் கேட்டு வாங்குங்கள். அதை எங்கே நிறுத்துவது என்பதையும் விண்ணப்பத்தோடு தரும் வரைபடத்தில் குறியுங்கள்.

அந்தப் பெரியவரின் மிரட்டலை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டப்படி அவருக்குத் திறந்திருக்கும் கதவைத்தான் அவர் சுட்டிக்காட்டுகிறார். வரையறுத்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் அவர் புகார் தரலாம்; இரவு 10 மணிக்குப் பிறகான மீறல் என்றால் அளந்து காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. பொதுத் தொல்லையை நீக்கும்படி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியர் உத்தரவிட முடியும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு மன்றத்தின் உண்டியலுக்கு அதன் கீழ் எல்லையே பெருந்தொகை. விழாவுக்கு ஒரு வாரம் முன்னரே இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்கள். நிகழ்ச்சி நிரலையும், முடியும் நேரத்தையும், ஒலியைக் குறைக்கச் சொல்ல அழைக்க வேண்டிய ஒரே ஒரு கைப்பேசி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணை வைத்திருப்பவர் மேடையில் ஏறி ஆடுகிறவராக இருக்கக் கூடாது.

அனுமதிக்கு வருகிறேன். இடத்துக்கு உள்ளாட்சி அலுவலகம், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை, மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு என மூன்று தனித்தனி விண்ணப்பங்கள். ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக ஆகாது. ஒலிபெருக்கிக்கான மனுவை நிலையத்தில் கொடுத்தாலும், அனுமதி தரும் அதிகாரம் ஆட்சியருக்கோ, அதற்கென நியமிக்கப்பட்ட, துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரிக்கோதான் உண்டு. பதினைந்து நாள் முன்னதாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வையுங்கள்.

இனி குப்பை. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் பெறாத இடத்தில் நடத்துகிறவர், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். குப்பையை அங்கேயே தரம் பிரித்து, உள்ளாட்சி குறிப்பிடும் சேகரிப்பவரிடம் ஒப்படைக்கவும் வேண்டும். இந்தக் கடமையை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நேரடியாக அமைப்பாளரின் தலையில் வைத்தன. உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளர்களுக்கு விடியும்போதே தத்தம் தெருக்களில் வேலை காத்திருக்கும்; உங்கள் விழாக் குப்பை அந்தக் கணக்கில் வராது. அவர்கள் உதவி தேவை என்றால் அலுவலகத்தில் அதற்குரிய கட்டணத்தைக் கட்டி, கூடுதல் பணியாக எழுதி வாங்குங்கள். ஆளாளுக்குக் கையில் நூறு ரூபாய் திணித்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

உங்கள் டெபாசிட் விவகாரத்தின் முடிச்சு, காலை 9 மணி என்று நீங்கள் எழுதியிருப்பதில் இருக்கிறது. வடகடல் கரையில் மே மாதக் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. இரவு பத்தரை மணிக்குக் கூட்டம் கலைந்து, காலை ஒன்பதுக்கு நீங்கள் சுத்தம் செய்து முடிக்கும் வரை பத்தரை மணி நேரம். அதற்குள் இலேசானவை எல்லாம், அதாவது பொரி பொட்டலம், காகிதக் கோப்பை, மேடையில் தூவிய ஜிகினாத் துண்டுகள், தெர்மோகோல் தூள், வேலியைத் தாண்டி மணலுக்கும் மணலிலிருந்து நீருக்கும் போயிருக்கும். எஞ்சிய கனமான குப்பையைத்தான் நீங்கள் அள்ளினீர்கள். பூங்கா சுத்தமாகத் தெரிந்ததற்குக் காற்றும் ஒரு காரணம். ஆய்வுக்கு வந்தவர் பூங்காவோடு நிற்காமல் கரையையும் பார்த்திருந்தால், அவர் எழுதியதில் நான் குறை காண மாட்டேன். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து ஊர்களுக்கு இதே கணக்கு மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றோடு வரும்.

அந்தக் கரையில் காலையில் கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மணலில் புதைந்த உடைந்த பாட்டிலும் குச்சியும் அவர்கள் பாதத்துக்குத்தான் போகின்றன. நீரில் இறங்கியது நண்டு வலையில் சிக்கும், அல்லது வடகடலின் கடற்புல் படுகையில் படியும். ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான்.

ஆகவே சுத்தம் செய்யும் வேலையை விழாவின் கடைசி நிகழ்ச்சியாகவே நிரலில் சேருங்கள். கூட்டம் இருக்கும்போதே, எட்டு மணிக்கு ஒரு சுற்று, நிகழ்ச்சி முடிந்ததும் விளக்குகளை அணைப்பதற்கு முன் மறு சுற்று. அதோடு வேலிக்கு வெளியே கடல் பக்கம் ஐம்பது அடி வரை ஒரு நடை. இரவு வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால், ஒலி அமைப்பை 10 மணிக்கு அவிழ்க்கும்போது விளக்குக்காரரையும் சேர்த்து அனுப்பிவிடாமல் பதினொன்று வரை இருத்தி வையுங்கள். கடல் பக்க வேலி நெடுக, பழைய மீன்வலையைத் தரையோடு சேர்த்துக் கட்டினால் பறக்கும் காகிதம் பெரும்பாலும் அதில் நின்றுவிடும். வலை உங்கள் ஊரில் விலைக்கு வாங்க வேண்டிய பொருள் இல்லை. குப்பைத் தொட்டிகளுக்கு மூடி அவசியம். மூடியில்லாத டிரம்மை வைத்தால், ஒன்பது மணிக்குள் ஆடுகளும் காகங்களும் காற்றும் அதைக் கவிழ்த்துவிடும்.

குப்பையே வராமல் செய்யும் வழி இதைவிட எளிது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடையில் தண்ணீர்ப் பாக்கெட், நெகிழிக் கொடி, தெர்மோகோல் கோப்பை எல்லாம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே மெழுகுபோல் நெகிழிப் பூச்சு உள்ள காகிதக் கோப்பையும் தட்டும் அதே பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேநீர்க் கடைக்கு இடம் கொடுக்கும்போதே கண்ணாடி டம்ளரும் அதைக் கழுவத் தொட்டியும் இருந்தால்தான் இடம் என்று எழுதி வாங்குங்கள். பனங்காட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு தோரணத்துக்கு நெகிழிக் கொடி வாங்குவானேன்? ஓலைத் தோரணம் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

பணத்தைப் பற்றி. சென்ற ஆண்டு டெபாசிட்டைப் பிடித்தம் செய்த உத்தரவின் நகலையும், ஆய்வுக் குறிப்பையும், அந்தத் தொகைக்கான நிபந்தனையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சுத்தம் செய்ய ஆன செலவைக் காட்டி அதற்கேற்பப் பிடித்தால் முறை. காரணமே எழுதாமல் முழுத் தொகையையும் வைத்துக்கொண்டால் அது முறை இல்லை, மேல்முறையீடு செய்யலாம். இந்த ஆண்டு, விழாவுக்கு முந்தைய மாலையிலேயே அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து, பூங்காவையும் கரையையும் சேர்ந்து பார்த்துப் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை 6 மணிக்கு மீண்டும் அதே இடங்களில் நின்று அதே படங்களை எடுங்கள். பழைய குப்பைக்கும் உங்கள் குப்பைக்கும் நடுவே கோடு போட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, பலூன். பலூனைக் கட்டும் நெகிழிக் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. பறக்கவிடும் பலூனைப் பற்றி நான் சட்டம் பேசப் போவதில்லை. தென்மேற்குக் காற்றில் உங்கள் பூங்காவில் விட்ட பலூன் வேறெங்கும் போக முடியாது, வடகடலில்தான் விழும், சுருங்கி மிதக்கும் ரப்பர் கடலாமைக்கு அது தின்னும் சொறி மீனாக (ஜெல்லி மீன்) தெரியும். தொடக்க விழாவில் பிள்ளைகளைப் பட்டம் விடச் சொல்லுங்கள். பருத்தி நூல்தான் கட்ட வேண்டும், மின்கம்பி இல்லாத கடல் பக்கமாக நிற்க வைக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் இறக்கி எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். மே மாதக் கச்சானில் பட்டம் ஏற்ற ஓடக்கூட வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே ஏறும்.